கூனிமேட்டைப் பிடித்த கதை

ஹவில்தார் மனுவேலுக்குப் பட்டாளம் மூன்று மெடல் கொடுத்திருந்தது. ஓய்வுக்குப் பிறகு அவர் காவல் வேலை பார்த்த கொடைக்கானல் ஏரிக்கரை ஹோட்டல், சீசன் தொடங்கியதும் அந்த மூன்றையும் சட்டையில் குத்திக்கொண்டு வாசலில் நிற்கச் சொன்னது. "வர்ற கெஸ்டுக்கு ஒரு ஃபீல் கிடைக்கும் மனுவேல்" என்றார் மேனேஜர். ஃபீல் நன்றாகவே கிடைத்தது. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த குடும்பங்கள் மசாலா தடவிய சோளத்தைக் கடித்தபடி அவரோடு தோளுரச நின்று செல்பி எடுத்துக்கொண்டன. ஒரு அம்மாள் நடு மெடலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கடையில் கிடைக்கும், பிள்ளைக்கு மாறுவேடப் போட்டி இருக்கிறது என்று விசாரித்தாள்.

மனைவி அமலிக்கு இது பொறுக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல் அவளுக்கு. "ஒரு மலையப் பிடிச்ச மனுசன், இப்பக் காருக் கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு" என்று யார் கேட்டாலும் சொல்வாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள்.

மலையைப் பிடித்தது உண்மைதான். தொண்ணூற்றொன்பதில், வடக்கு எல்லையில். அந்த மலைக்குப் பெயர்கூடக் கிடையாது; வரைபடத்தில் ஒரு நம்பர், அவ்வளவே. உச்சியில் எதிரி கல் அடுக்கி பங்கர் கட்டி, மெஷின்கன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏறுகிறவனுக்கு மறைவு என்று இருந்தவை ஆட்டுரல் அளவுக் கற்கள் மட்டும். இரண்டு ராத்திரியும் நடுவில் ஒரு பகலும் ஆனது. மனுவேலின் கம்பெனியில் தொண்ணூற்றிரண்டு பேர் ஏறினார்கள். பத்தொன்பது பேர் இறங்கவில்லை.

நாலாம் நாள் ஹெலிகாப்டரில் பெரிய அதிகாரி ஒருவரும் ஒரு போட்டோகிராபரும் வந்தார்கள். கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. வெளிச்சம் சரியில்லை என்று போட்டோகிராபர் சொன்னதால் அதை இறக்கி, மதியத்துக்கு மேல் மறுபடி ஏற்றினார்கள். மலையைப் பிடித்தவர்களின் சட்டை கிழிந்து, முகம் பார்க்கச் சகிக்காமல் இருந்ததால், அடிவாரக் கூடாரத்திலிருந்து சவரம் செய்த ஆட்கள் நாலு பேரை மேலே வரவழைத்துக் கொடியடியில் நிறுத்தினார்கள். பத்திரிகைகளில் எல்லாம் அந்தப் படம்தான் வந்தது. காற்றில் கம்பம் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் மனுவேல். படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கை தெரியும். அமலி அதை வெட்டி பிரேம் போட்டு, மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருந்தாள்.

போன மே மாதம் அந்த ஹோட்டலில் ஒரு சினிமா யூனிட் வந்து இறங்கியது. எடுக்கப்போவது பட்டாளத்துப் படம். ஒரு மலை, அதன் உச்சியில் எதிரியின் பங்கர், அதைப் பிடிக்கும் சண்டை. டைரக்டர் தமிழ்மதி என்ற பெண். மூன்று வருடமாக இந்தக் கதையைச் சுமந்துகொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியவள். பணம் போட முன்வந்தவர் பழனியில் பஞ்சாமிர்த வியாபாரம் செய்யும் கந்தவேல். ஹீரோ மனோஜ்குமார். காரிலிருந்து இறங்கிய மனோஜ்குமார் வாசலில் நின்ற மெடல்களைப் பார்த்தார். பிறகுதான் அதற்குப் பின்னால் நின்ற மனுவேலைப் பார்த்தார்.

"ஒரிஜினலா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"மதி, இவரைப் போட்டுக்கலாம். மிலிட்டரி அட்வைசர்!"

படத்தின் ஆரம்பத்தில் ஹோட்டலுக்கு நன்றி போடுவார்கள் என்று தெரிந்ததும் மேனேஜர் மனுவேலுக்கு உடனே லீவு கொடுத்தார். அமலி மட்டும், "போயிட்டு வாங்க. ஆனா மொழங்கையோட விட்டுறாதீங்க, மூஞ்சியும் தெரியிற மாதிரி நில்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

சண்டை நடக்கவேண்டிய மலை, மேல்மலையில் பூம்பாறையைத் தாண்டி இருந்த கூனிமேடு. ஜீப் போய் நின்றதும் மனுவேலுக்குத் திக்கென்றது. அந்தச் சரிவை அவர் அறிவார். படிப்படியாக வெட்டிய பூண்டு வயலும், ஓரத்தில் தகரக் கொட்டகையும் வீரம்மாளுடையவை. வீரம்மாளின் கணவன் பழனிமுத்து மனுவேலோடு ஒரே கம்பெனியில் இருந்தவன். இறங்காத பத்தொன்பது பேரில் ஒருவன். அதிகாரி இங்கிலீஷில் எழுதிய இரங்கல் கடிதத்தை இந்தக் கொட்டகை வாசலில் நின்றுதான் மனுவேல் அவளுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னார். சிரித்த முகத்தோடு தாய்நாட்டுக்காக உயிரைக் கொடுத்தார் என்று அதில் இருந்தது. இருந்ததைச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அமலி செய்த கேக் மேலே போகும். அறுவடைக்கு அறுவடை ஒரு கட்டுப் பூண்டு கீழே வரும். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

வீரம்மாள் தலைத்துணியை அவிழ்த்து உதறிக்கொண்டு வந்தாள். "வாங்கண்ணே. பட்டாளத்துப் படமாம்ல. பூண்டு எடுத்தாச்சு, நெலம் சும்மாதான கெடக்கு, எடுத்துக்கோங்கன்னுட்டேன். இருவது நாளு. அதுக்கு மேல உருளைக்கு உழுவணும். அதுக்குள்ள சண்டைய வெரசா முடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

பத்தொன்பது பேர் செத்த சண்டையை இவ்வளவு கச்சிதமாக எந்தத் தளபதியும் திட்டமிட்டதில்லை என்று மனுவேலுக்குத் தோன்றியது.

உச்சியில் பிளைவுட்டிலும் தெர்மோகோலிலும் பங்கர் எழுந்தது. மலையைப் பிடிக்க ஐம்பது பேரைச் சேர்த்தார்கள். கொடைக்கானல் டாக்சி டிரைவர்கள், படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர்கள், பண்ணைக்காட்டில் காப்பி பறிக்கிறவர்கள். இவர்களை ஐந்து நாளில் சிப்பாயாக்க வேண்டியது மனுவேலின் சோலி.

மனுவேல் வெள்ளனே ஐந்தரைக்கே விசில் ஊதினார். முதல் நாள் திட்டினார்கள். இரண்டாம் நாள் முழங்கையில் தோல் உரிந்தது. மூன்றாம் நாள் அவர்களுக்கே ஒரு ரோசம் வந்துவிட்டது. "கல்லுதான் ஒங்க ஆத்தா. மடிய விட்டு எறங்கக் கூடாது" என்றார் மனுவேல். "நெஞ்சு மண்ணுல, கண்ணு மேல. பக்கத்துல இருக்கிறவன் நகரும்போது நீ நகராதே. மஞ்சு மூடி மலை தெரியாமப் போனா அது சாமி அனுப்புன போர்வை, அப்ப ஓடு." செல்வின் என்ற டாக்சி டிரைவர் எல்லாரையும்விடச் சூட்டிகை. தொப்பையும் அவனும் ஒரு பூண்டுப் பாத்திக்குள் முழுசாக மறைந்துபோகிற அளவுக்குத் தேறிவிட்டான். ஐந்தாம் நாள் சாயங்காலம் மனுவேல் உச்சியில் நின்று பார்த்தார். ஐம்பது பேரும் சரிவில்தான் இருந்தார்கள். ஐந்து பேரைத்தான் அவரால் எண்ண முடிந்தது. எத்தனையோ வருடமாக அவர் மனசுக்குள் ஏறிக்கொண்டிருந்த மலையில், முதல் தடவையாக ஆட்கள் சாகாமல் ஏறினார்கள்.

மறுநாள் படப்பிடிப்பு. ராத்திரிச் சண்டையைப் பகலிலேயே எடுத்துக் கறுப்பாக்கிக் கொள்வதாக ஏற்பாடு. மூன்று கேமரா, மேலே ஒரு டிரோன். மானிட்டருக்கு முன்னால் தமிழ்மதி, நாற்காலியில் கந்தவேல், குடைக்குக் கீழே மனோஜ்குமார். "ஆக்‌ஷன்!"

சரிவில் ஒரு புல்கூட அசையவில்லை.

தமிழ்மதி மைக்கை வாங்கி மறுபடி கத்தினாள். ஒன்றும் இல்லை. டிரோன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மானிட்டரில் வெறும் மண்ணும் கல்லும், ஒரு காக்கையும்.

"எங்கய்யா ஆளுங்க?" என்று எழுந்தார் கந்தவேல். "சாப்பாட்டுக்குப் போயிட்டாங்களா?"

பத்து நிமிடம் கழித்து உச்சியில் பங்கருக்குள்ளிருந்து செல்வினின் குரல் கேட்டது. "மேடம்! நாங்க வந்து ரொம்ப நேரமாச்சு. பிடிச்சுட்டோம். அடுத்து என்ன செய்யணும்?" அவனுக்குப் பின்னால் இன்னும் நாற்பத்தொன்பது மண் அப்பிய முகங்கள் எட்டிப் பார்த்தன. எதிரிகளாக நடிக்க உள்ளே உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் சீட்டுக்கட்டைக் கையில் பிடித்தபடியே சிறைப்பட்டிருந்தார்கள்.

மனுவேல் தன்னை மறந்து கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

"என்ன மனுவேல் இது?" தமிழ்மதிக்கு அழுகையே வந்துவிட்டது. "மூணு கேமரா வச்சிருக்கேன். ஒருத்தர் தலைகூடத் தெரியல."

"தெரிஞ்சாச் செத்துருவான்மா."

"சாகத்தானய்யா கூட்டிட்டு வந்திருக்கோம்!" என்றார் கந்தவேல்.

அன்றோடு மனுவேலின் பயிற்சி ரத்தானது. இனி எல்லாரும் நிமிர்ந்து நிற்க வேண்டும், மார்பை விரித்து ஓட வேண்டும், வாய்விட்டுக் கத்த வேண்டும். ஐம்பது பேரும் சங்கடத்தோடு மனுவேலைப் பார்த்தார்கள். அவர் கல்லைப் பார்த்தார்.

"நான் எடுக்க நெனைச்ச படம் இது இல்ல சார்" என்று மதியம் தமிழ்மதி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள். "ஆனா ஆள் தெரியலன்னா டிக்கெட் விக்காதே."

"எங்களுக்கும் அதேதாம்மா நடந்துச்சு" என்றார் மனுவேல். "மூணு நாளைக்கு முன்னாடியே ஏறியிருந்தா மஞ்சு இருந்துச்சு. எவனோ ஒரு பெரிய மனுசன் டெல்லியில பேட்டி குடுக்கணும்னு நாளக் குறிச்சுட்டான். பளீர்னு வெளுத்த அன்னைக்குத்தான் ஏறுனோம்."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு அடித்துவிட்டாள்.

அடுத்த நாள் சாவுகள். மொத்தம் பத்தொன்பது பேர் விழ வேண்டும். அந்த எண்ணிக்கை மனுவேல் சொன்னதுதான், கதையில் அது ஒன்றைத்தான் மாற்றாமல் வைத்திருந்தார்கள். யார் யார் சாகிறீர்கள் என்று உதவி டைரக்டர் மைக்கில் கேட்டதும் ஐம்பது கையும் உயர்ந்தன. முதல் வரிசையில் செத்தால் முகம் பெரிதாகத் தெரியும்; அதோடு, செத்தவனுக்கு அப்புறம் ஓட்டம் கிடையாது. "போன படத்துல நான் ரெண்டாவது நிமிசமே செத்தேன் சார், அனுபவம் இருக்கு" என்றான் ஒருவன். இன்னொருவன் தனக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதால் சாவில் முன்னுரிமை வேண்டும் என்றான். சண்டை அடிதடியாக மாறும் போலிருந்ததால், உதவி டைரக்டர் ஒரு தாளையும் பேனாவையும் மனுவேல் கையில் திணித்தார்.

"நீங்க சொன்னா கேப்பாங்க. பத்தொம்பது பேர எழுதிக் குடுத்துருங்க சார். யார வேணாலும்."

மனுவேல் ஒரு பாறையில் உட்கார்ந்தார். முகங்களைப் பார்த்தார். செல்வின் கும்பிட்டுக் காட்டி, தன் பெயரை மறக்க வேண்டாம் என்று ஜாடை செய்தான். பேனா தாளில் பட்டதும் கை தானாக ஓடியது. கணக்குப் போட்டு யோசிக்க வேண்டிய பட்டியலா அது? தினமும் ஜெபத்தில் அதே வரிசையில் சொல்லிச் சொல்லிப் பழகியது. எழுதி முடித்துக் கொடுத்த பிறகும் தான் எழுதியது என்ன என்று அவருக்கு உறைக்கவில்லை.

மைக் கூனிமேடு முழுக்க முழங்கியது. "பேரு கூப்பிடக் கூப்பிட முன்னாடி வாங்க. குருசுமிக்கேல்!"

யாரும் வரவில்லை.

"தங்கமாடன்! செல்லக்கண்ணு! என்னய்யா, சாகுறதுக்கு இவ்வளவு நேரம் கை தூக்குனீங்க? பழனிமுத்து! யாருய்யா பழனிமுத்து? வெரசா வந்து சாகுய்யா, வெளிச்சம் போகுது!"

கொட்டகையில் பூண்டை முடிந்துகொண்டிருந்த வீரம்மாள் எழுந்தாள். மனுவேல் பதறிப்போய் மைக்கைப் பார்த்து ஓடினார். அவருக்கு முந்தி அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவசரமில்லாமல், பாத்தி மிதிபடாமல், வரப்பு மேலேயே நடந்து போனாள்.

"அவரு வரமாட்டாரு தம்பி" என்றாள் உதவி டைரக்டரிடம். "ஒரு தடவ செத்தாச்சு."

மைக் திறந்தே இருந்ததால் மலை முழுக்க அது கேட்டது. ஐம்பது பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். செல்வின் தொப்பியைக் கழற்றினான். தமிழ்மதி விஷயத்தைக் கேட்டறிந்து, வீரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அது நடிப்பில்லை. மனுவேல் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார். "விடுங்கண்ணே, நீங்க வேணும்னேவா எழுதுனீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் போய், நிறுத்திய இடத்திலிருந்து பூண்டை முடியத் தொடங்கினாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கந்தவேலின் கண்கள் பளபளத்தன. "தியாகி நெலத்துலயே தியாகி படம்! இத வெளியில சொன்னாலே போதும்யா" என்றார். மனோஜ்குமார் அன்று சாயங்காலமே வீரம்மாளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். படம் எடுக்கும்போது அவள் கையிலிருந்த பூண்டுக் கட்டை வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். ராத்திரியோடு ராத்திரியாகக் கதை மாறியது. பழனிமுத்து என்ற வீரன் கதைக்குள் வந்தான். அவனுடைய மரணம் எல்லாருடைய மரணத்தையும்விட உருக்கமாக இருந்தது. படித்துப் பார்த்த மனோஜ்குமாருக்கு அதை வேறு யாருக்கும் விட மனமில்லை. ஆனால் ஹீரோ செத்தால் மலையை யார் பிடிப்பது?

"டபுள் ஆக்‌ஷன்" என்றார் மனோஜ்குமார். "அண்ணன் பழனிமுத்து சாகுறான். தம்பி மலையைப் பிடிக்கிறான். ரெண்டும் நான்."

பெயரைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டு வந்தபோது வீரம்மாள் மறுக்கவில்லை. "பேர வச்சுக்கோங்க. அவரு வந்து கேக்கப் போறதில்ல. நெலத்த மட்டும் நாள் தவறாம விட்டுருங்க. இன்னையோட பதிமூணு நாள் ஆச்சு."

பழனிமுத்துவின் மரணத்தை எடுக்க இரண்டு நாள் பிடித்தது. ஒரு கல்லில் சாய்ந்து, நெஞ்சில் சிவப்புச் சாயத்தோடு மனோஜ்குமார் ஒன்றரைப் பக்கம் பேசினார். தாய்நாடு, தாய்மொழி, தாய்ப்பால் மூன்றையும் பற்றிப் பேசினார். பேச்சின் நடுவில் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, "இது எங்க மலையடிவாரத்துப் பஞ்சாமிர்தம்... கடைசியா ஒரு வாய்..." என்று சொல்ல வேண்டும், டப்பாவின் லேபிள் கேமராவைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது கந்தவேலின் ஒரே வேண்டுகோள். ஒவ்வொரு டேக்கிலும் ஒரு வாய். ஏழாவது டேக்கில் சாகிறவருக்கு இனிப்புத் திகட்டி விக்கல் வந்துவிட்டது.

வீரம்மாள் வேலையை முடித்துவிட்டு வந்து, தூரத்து வரப்பில் மனுவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது டேக்குக்கு விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லுங்க" என்றாள். "அவரு இவ்வளவு பேசுனாரா?"

மனுவேலுக்கு அந்தப் பழைய கடிதம் கண்முன் வந்தது. அதை இன்னொரு தடவை வாசித்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அதைவிடச் சுலபமான வழி இல்லை.

"இல்ல வீரம்மா" என்றார்.

"சிரிச்சாரா?"

"இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள். "கட்டுன பொண்டாட்டியப் பாத்தே சிரிக்காத மனுசன். குண்டப் பாத்தா சிரிக்கப் போறாரு? அந்தக் கடுதாசிய எனக்கு எழுதலன்னே நெனச்சேன். வேற யார் வீட்டுக்கோ போக வேண்டியது, இங்க வந்துருச்சுன்னு."

"சைலன்ஸ்!" என்று யாரோ கத்தினார்கள். மனோஜ்குமார் எட்டாவது முறையாகச் சாகத் தொடங்கினார். மனுவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பகல் பூரா ரெண்டு பேரும் ஒரே கல்லுக்குப் பின்னால கெடந்தோம். கைய நீட்டுனா சுடுவான். தண்ணி தீந்துபோச்சு. பயம் தெரியாம இருக்க அவன் பேசிக்கிட்டே இருந்தான். என்ன பேசுனான்னு நெனைக்கிற? பூண்டு. அந்த வருசம் பிந்தி ஊனுன பூண்டாம். மழைக்கு முந்தி எடுத்துருப்பாங்களா, இல்ல அப்பன் வழக்கம்போலச் சீட்டாடப் போயிருப்பாரான்னு. 'எடுத்துருக்க மாட்டாருலே, எல்லாம் அழுகிக் கெடக்கும், நான் லீவுல போறப்ப நாத்தம்தான் மிச்சம்'னான். அப்புறம் அப்பன வைய ஆரம்பிச்சான். நல்லா வஞ்சான். பாதி வசவுலதான்..." மனுவேல் விரலால் வரப்பு மண்ணைக் கீறினார். "அவ்வளவுதான் வீரம்மா. நாட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல."

கல்லடியில் மனோஜ்குமார் தாய்மொழிக்கு வந்திருந்தார்.

"எடுத்தாச்சுண்ணே" என்றாள் வீரம்மாள்.

"என்னது?"

"பூண்ட. மாமா சீட்டாடத்தான் போனாரு. நான்தான் எடுத்தேன், மக ரோகிணியக் கைப்புள்ளயா வரப்புல போட்டுட்டு. எடுத்து முடிச்ச மறுநாளு மழை கொட்டுச்சு. ஒரு பல்லு அழுகல. சந்தோசத்துல அவருக்கு உடனே கடுதாசி போட்டேன். அது அவரு பெட்டியோட திரும்பி வந்துச்சு, பிரிக்காமலே." தலைத்துணியின் நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்த முகத்தில் எப்படியோ ஒரு சிரிப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. "பாதி வசவுலயாண்ணே போனாரு? கவலைப்படாதீங்க. மிச்சத்த மாமாவுக்கு அந்த வருசமே நான் வஞ்சு முடிச்சுட்டேன்."

மனுவேல் சிரித்துவிட்டார். அடக்க முடியவில்லை. இத்தனை வருடமாக உள்ளே பிடித்து வைத்திருந்தது எல்லாம் வயிற்றைக் குலுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வீரம்மாளும் சேர்ந்துகொண்டாள். இருவரும் கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்கள்.

"கட்! கட்!" மனோஜ்குமார் பிணமாக இருந்தபடியே எழுந்து உட்கார்ந்தார். "யாருங்க அது சாவுல சிரிக்கிறது? மூடு போச்சு!"

"தியாகி சம்சாரம் சார்" என்று உதவி டைரக்டர் காதில் சொன்னார். மனோஜ்குமார் மறுபடி படுத்துக்கொண்டார்.

இனி மிச்சம் இருந்தது மலை உச்சியைப் பிடித்துக் கொடி ஏற்றுவது. அது தம்பியின் வேலை. ஆனால் பதினேழாம் நாளிலிருந்து மேல்மலையை மஞ்சு மூடிக்கொண்டது. முதல் நாள் முழுக்க மனோஜ்குமார் கேரவனில் காத்திருந்தார். இரண்டாம் நாள் ஒரு மணி நேரம் வெளுத்தது. அப்போது பார்த்தால் ஒன்பது காட்டுமாடுகள் பங்கரைச் சுற்றி நின்றன. ஒன்று தெர்மோகோல் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஐம்பது வீரர்களும் துப்பாக்கியோடு அதைப் பார்த்தபடி சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மனுவேல் சொல்லிக் கொடுத்த எதிலும் காட்டுமாடு வரவில்லை. மூன்றாம் நாள் மாடு போயிருந்தது. மஞ்சு திரும்பி வந்திருந்தது. இருபதாம் நாள் மனோஜ்குமார் நிஜமாகவே ஏறப் புறப்பட்டு, மூன்றாவது படி வயலில் சறுக்கிக் கணுக்கால் பிசகி, நாலு டாக்சி டிரைவர்கள் தோளில் கீழே வந்து சேர்ந்தார். யூனிட்டுக்கு ஏற்பட்ட ஒரே உண்மையான சேதம் அதுதான்.

இருபத்தோராம் நாள் காலையில் கீழ்ப் படி வயலில் பவர் டில்லர் உறுமியது. வீரம்மாள் உழுதுகொண்டிருந்தாள்.

கந்தவேல் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். "அம்மா, அம்மா! இன்னும் மலையப் பிடிக்கலம்மா! ரெண்டே நாளு!"

"மண்ணு பதமா இருக்குங்க. ரெண்டு நாள் விட்டா எறுகிப்போகும்."

"நாட்டுக்காக உசுரக் குடுத்தவரு பொண்டாட்டி நீங்க. ஒரு தேசபக்திப் படத்துக்காக..."

"உசுரு அவரோடதுங்க, குடுத்தாரு. நெலம் என்னோடது." டில்லரை அடுத்த பாத்திக்குத் திருப்பினாள். "கொஞ்சம் ஓரமா நில்லுங்க, கால்ல ஏறிரும்."

ஒரு படி உழுது, இன்னொரு படிக்கு ஏறினாள். அவள் ஏற ஏற, விளக்குகளும் நாற்காலிகளும் குடையும் ஒவ்வொரு படியாக ஓரம் ஒதுங்கின. தமிழ்மதி சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேமராமேனிடம் டில்லரைக் காட்டி ஏதோ சொல்லி, ஐந்து நிமிடம் அதைப் படம்பிடித்தாள். "படத்துல வராது சார். எனக்காக" என்றாள் மனுவேலிடம். கொடியேற்றத்தைச் சென்னையில் பச்சைத் துணிக்கு முன்னால் எடுத்துக்கொள்வதாக முடிவானது. மத்தியானத்துக்குள் லாரிகள் இறங்கிவிட்டன. ஐம்பது பேரில் முப்பது பேருக்கு ஊர் திரும்ப வண்டி சாயங்காலம்தான். செல்வின்தான் முதலில் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்தான். அன்றைக்கு அவர்கள் வரப்புச் செதுக்கிக் கொடுத்தார்கள். வீரம்மாள் எல்லாருக்கும் சோறும் பூண்டுக் குழம்பும் போட்டாள்.

படம் தீபாவளிக்கு வந்தது. கூட்டம் இருந்ததாகத்தான் சொன்னார்கள். நன்றி சொல்லும் பட்டியலில் ஹோட்டலின் பெயர் பெரிதாக இருந்தது. மனுவேலின் பெயர் மேனுவல் என்று இருந்தது. அமலி தியேட்டரில் எழுந்து நின்று ஒரு சண்டை போட்டாள், இடைவேளை வரை.

வீரம்மாளால் தியேட்டருக்கு இறங்கிவர முடியவில்லை. திண்டுக்கல்லில் நர்ஸாக இருக்கும் ரோகிணி, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது போனில் படத்தைப் போட்டுக் கொடுத்தாள். மனுவேலும் அமலியும் மேலே போயிருந்தார்கள். நாலு பேரும் கொட்டகைக்குள் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பழனிமுத்து பேசிப் பேசிச் செத்தபோது வீரம்மாள் எழுந்து போய் அடுப்பில் காப்பித்தண்ணி வைத்துவிட்டு வந்தாள். பிறகு தம்பி மலையில் ஏறினான். சென்னையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்திருந்தார்கள். கூனிமேடு உச்சி முதல் அடிவரை முழங்கால் உயரம் வெள்ளைப் பனியில் புதைந்து கிடந்தது.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் வீரம்மாள். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "அந்தா, அது நம்ம மூணாம் படி. ஆமாண்ணே, கல்லக் கண்டா எனக்குத் தெரியாதா? ஐயையோ, இம்புட்டுப் பனி விழுந்தா பூண்டு என்னத்துக்கு ஆகும்?"

"அது நெசப் பனி இல்லம்மா" என்றாள் ரோகிணி.

"இல்லன்னு எனக்கும் தெரியும்டி." ஆனாலும் அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனாள். மனுவேல் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மூன்றாம் படியில் நின்று, குனிந்து, ஒரு பூண்டுத் தாளைக் கையால் நீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அமலியும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மனுவேல் படத்தை அணைக்கச் சொல்லிவிட்டு, களை பறிக்க அவர்களோடு போனார்.